ஓசை சான்றாகுமா?

உணவு உயிர் கொடுக்கும், நாடறியும். அதே உணவு உயிரைக் குடிக்கவும் கூடும் என்பதை நாடு அவ்வளவாக அறியாது. இரைப்பைக்குப் போனால் கஞ்சி அமுது. நுரையீரலுக்குப் போனால் அதே கஞ்சி நஞ்சு. இரண்டுக்கும் இடையே இருப்பது என்ன? விரற்பருமன்கூட இல்லாத ஒரு குழாய். அந்தக் குழாயின் முனை எங்கே நிற்கிறது என்ற ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் ஒரு துண்டுத் தாள். அந்தத் தாளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

"தலையங்கம் தீட்ட வேறு பொருளா கிடைக்கவில்லை? உரிமைப் பிரச்சினை இருக்கிறது, விலைவாசி இருக்கிறது, மொழிச் சிக்கல் இருக்கிறது. மூக்கில் செருகும் குழாய்தானா கிடைத்தது?" என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். கேட்கட்டும். சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட கொத்தனாருக்கு அந்தக் குழாய் வேண்டும். பக்கவாதம் தாக்கி விழுங்கும் திறன் இழந்த ஆட்டோ ஓட்டுநருக்கு வேண்டும். தொண்டையில் புற்று வந்து பருக்கை இறங்காத தாய்க்கு வேண்டும். நொச்சிக்குப்பத்து மீனவன் வீட்டிலும், கோட்டூர்புரம் குடியிருப்பின் மாடியறையிலும், தியாகராயநகர்த் துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்ணின் வீட்டிலும் நாளை அது வந்து சேரலாம். பாட்டாளியின் மூக்கில் ஏறும் குழாய் பாட்டாளியின் ஏட்டில் ஏறக்கூடாதா?

மருத்துவமனையில் அதை 'ரைல்ஸ் டியூப்' என்பார்கள். ரைல் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜான் ரைல் என்ற ஆங்கில மருத்துவர், லண்டன் கை மருத்துவமனையில் பணிபுரிந்தவர், 1921இல் அதை உலகுக்குச் சொன்னார். எதற்காக? உணவு ஊற்றவா? இல்லை. இரைப்பையில் ஊறும் நீரைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதில் அமிலம் எவ்வளவு என்று சோதிப்பதற்காக! இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சோதிப்பதற்காகப் பிறந்த குழாய் அது. சோதிக்காமல் ஊற்றுவதற்காகப் பிறந்ததன்று. அந்த ரைல்தான் பின்னாளில், கேம்பிரிட்ஜில் வகித்த பெரும் பதவியை உதறிவிட்டு, 1943இல் ஆக்ஸ்போர்டில் சமுதாய மருத்துவத்தின் முதல் பேராசிரியரானார். நோய்க்கும் வறுமைக்கும் உள்ள உறவை ஆராய்வதே இனி என் வேலை என்று முடிவெடுத்தவர் அவர்.

குழாய் போகும் வழியைப் பாருங்கள். மூக்கில் நுழைந்து தொண்டைக்கு இறங்குகிறது. அங்கே இரு பாதைகள். முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். நாம் விழுங்கும்போது குரல்வளை மூடி மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பேசிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறுகிறது. நினைவோடு இருப்பவன் புரையேறினால் இருமுவான், திணறுவான், குழாயைப் பிடுங்கி எறிவான். நினைவிழந்தவன்? இருமமாட்டான். கையை உயர்த்தமாட்டான். குழாய் நுரையீரலுக்குள் போய்விட்டாலும் அமைதியாகக் கிடப்பான். "இருமவில்லை, ஆகவே சரியாகத்தான் போயிருக்கிறது" என்று முடிவுகட்டினால், அவனுடைய இயலாமையையே நமக்குச் சாட்சியாக்கிக்கொண்டவர்கள் ஆவோம்.

குழாய் வழிதவறினால் என்ன நேரும் என்பதற்கு இந்தியாவின் விடுதலை வரலாற்றிலேயே குருதியால் எழுதிய பக்கம் ஒன்று உண்டு. 1929. லாகூர் சிறை. அரசியல் கைதிகளை மனிதராக நடத்து என்று கேட்டு, பகத்சிங்கும் தோழர்களும் உண்ணாநோன்பு இருந்தார்கள். ஜூலை 13 அன்று அதில் சேர்ந்தவர் ஜதீந்திரநாத் தாஸ், வங்கத்து இளைஞர். வெள்ளை அரசு வலுக்கட்டாயமாக உணவூட்ட முனைந்தது. ஆட்கள் அவரை அமுக்கிப் பிடித்துக்கொள்ள, மூக்கில் குழாயைச் செருகினர். குழாய் தடம் மாறியது. ஊற்றியது நுரையீரலுக்குப் போயிற்று. நுரையீரல் வெந்தது, உடல் மீளவேயில்லை. 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று, தாஸ் மாண்டார். நான்காண்டுகள் கழித்து, 1933 மே மாதம், அந்தமான் சிறையில் அதே கொடுமை. மகாவீர் சிங் என்ற வீரரின் நுரையீரலில் பால் பாய்ந்தது, அவரும் மாண்டார். பகத்சிங்கின் 'நான் நாத்திகன் ஏன்?' நூலை ஜீவா தமிழாக்க, அதை அச்சிட்டுத் தந்து அடக்குமுறையைச் சந்தித்த இயக்கம் தந்தை பெரியாருடைய இயக்கம். அந்த மரபில் வந்த நமக்கு லாகூர்ச் சிறையின் அந்தக் குழாய் அந்நியமானதல்ல.

அன்று குழாயைச் செருகியவன் பகைவன். இன்று செருகுகிறவர் அன்புள்ளம் கொண்ட செவிலியர். உணவை ஊற்றுகிறவர் மனைவி, மகள், தம்பி. நோக்கம் வேறு. ஆனால் நுரையீரலுக்கு நோக்கம் தெரியுமா? பகைவன் ஊற்றினாலும் பால்தான், பாசமுள்ளவள் ஊற்றினாலும் பால்தான். அன்று பகைவன் செய்த கொடுமையை இன்று பாசத்தின் கையால் நடக்க விடலாமா? இதுதான் கேள்வி.

விடலாகாது என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது என்று எப்படி உறுதி செய்கிறார்கள்? பல இடங்களில் நடப்பது இது. சிரிஞ்சில் காற்றை நிரப்பிக் குழாய் வழியே 'புஸ்' என்று செலுத்துவார்கள். வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் காது கொடுப்பார்கள். குமுகுமுவென்று ஓசை கேட்டால், "ஆயிற்று, உள்ளே போய்விட்டது, உணவைக் கொடு" என்பார்கள். தலைமுறை தலைமுறையாக மூத்தவர் இளையவருக்குக் கற்றுக்கொடுத்த முறை. மூத்தவர் சொன்னார், ஆகவே செய்தோம். என்றும் செய்தோம், ஆகவே சரி! இந்த வாதத்தை எங்கேயோ கேட்டதுபோல் இல்லையா, தோழர்களே? இடுப்பில் கட்டிய தாயத்துக்கும் இதே வாதம். குறுக்கே போன பூனைக்கும் இதே வாதம். 'அந்தக் காலத்திலிருந்து' என்பதே ஆதாரம்!

ஓசை ஏன் சான்றாகாது? காரணம் எளிது. நுரையீரலின் அடிப்பகுதியும் இரைப்பையின் மேற்பகுதியும் அடுத்தடுத்த அறைகள். இடையில் உதரவிதானம் என்ற ஒரு மெல்லிய தசைச் சுவர் மட்டுமே. ஒண்டுக்குடித்தனத்தில் வாழ்ந்தவனுக்கு விளக்கவே வேண்டாம். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் நம் வீட்டில் விழுந்ததுபோல் கேட்கும். அதேபோல், நுரையீரலில் செலுத்திய காற்றின் ஓசையும், உணவுக்குழலிலேயே நின்றுவிட்ட குழாயின் ஓசையும் வயிற்றின் மேல் கேட்கும். எவ்வளவு தேர்ந்த காதாயினும் இதைப் பிரித்தறிய முடியாது. காதின் குற்றமல்ல, ஓசையின் இயல்பு. குழாயின் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இதே இனம்தான்.

இங்கிலாந்தில் 2005ஆம் ஆண்டே அரசின் நோயாளர் பாதுகாப்பு அமைப்பு இந்த ஓசைச் சோதனையைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கை விடுத்தது. நோயாளியைப் படுக்கையிலேயே வைத்துச் செய்யும் முதல் சோதனை பி.எச். தாள் என்றது. அதன் பிறகும்? 2005 செப்டம்பர் முதல் 2010 மார்ச் வரை, வழிதவறிய குழாயால் நுரையீரலில் உணவு புகுந்து மாண்டவர் 21 பேர், தீங்குற்றவர் 79 பேர் என்று 2011இல் அதே அமைப்பு அறிவித்தது. எக்ஸ்ரே படத்தைத் தவறாகப் படித்ததே அவற்றுள் முதற்பெரும் காரணம் என்றது. அதற்கும் பிறகு, 2011 செப்டம்பர் முதல் 2016 மார்ச் வரை 95 நிகழ்ச்சிகள். இவ்வகைத் தவறை, நேரவே கூடாத தவறுகளின் பட்டியலில் சேர்த்து வைத்த நாட்டில் இந்த நிலை. இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று: சுற்றறிக்கை அனுப்பினால் மட்டும் உயிர் காக்கப்படாது. கையில் கருவி வேண்டும், பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும்.

அப்படியானால் சரியான வழி எது? முதலில் அளவு. மூக்கு நுனியிலிருந்து காது மடலுக்கும், அங்கிருந்து மார்பெலும்பின் கீழ் முனைக்கும் குழாயை வைத்து அளந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்துக்கொண்டு செலுத்தவேண்டும். பின்பு, குழாய் வழியே சிரிஞ்சால் சிறிது நீரை உறிஞ்சி எடுக்கவேண்டும். அந்தத் துளியைப் பி.எச். தாளில் இடவேண்டும். இரைப்பையில் ஊறுவது கடும் அமிலம். நுரையீரல் நீரில் அமிலத் தன்மை பெரும்பாலும் இல்லை. தாள் நிறம் மாறி 1 முதல் 5.5 வரை காட்டினால் உணவு கொடுக்கலாம். அதற்கு மேல் காட்டினால், அல்லது நீரே வரவில்லையென்றால், ஒரு சொட்டும் கொடுக்கலாகாது. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சிறிது நேரம் காத்திருந்து, மீண்டும் உறிஞ்சிப் பார்க்கவேண்டும். அதிலும் தெளிவில்லை என்றால் எக்ஸ்ரே. அதையும் படிக்கக் கற்றவர் படித்துச் சொல்லவேண்டும்.

பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் நீலத் தாள் சிவப்பானதைப் பார்த்த தோழர்கள், "அந்த லிட்மஸ் தாள் போதாதா?" என்பார்கள். போதாது. அது அமிலம் உண்டு, இல்லை என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. எண் காட்டும் தாளே வேண்டும்.

தாளும் தெய்வவாக்கு அல்ல. அதையும் பகுத்தறிவோடுதான் படிக்கவேண்டும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை தின்பவரின் இரைப்பை நீர் 5.5ஐத் தாண்டிக் காட்டலாம். சற்றுமுன் உணவு கொடுத்திருந்தாலும் அப்படியே. ஆனால் இங்கே தாள் தவறினால் என்ன நேரும்? உணவு சிறிது தாமதமாகும், ஓர் எக்ஸ்ரே கூடுதலாகும். காது தவறினால் ஆளே போய்விடுவான். இரண்டு தவறும் ஒன்றா?

இன்னொன்றும் உண்டு. காலையில் எடுத்த எக்ஸ்ரே காலை நிலையைத்தான் சொல்லும். பகலில் நோயாளி இருமினான், வாந்தி எடுத்தான், புரட்டிப் படுக்கவைத்தார்கள்; குழாய் மேலேறி வந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும், மருந்துக்கு முன்பும் சோதனை வேண்டும். "கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு..." என்பதும் கூடாது. சோதனை முடியுமுன் தண்ணீரும் அந்நியமே.

இவ்வளவும் யார் செய்வது? செவிலியர். "ஏன் செய்யவில்லை?" என்று அவர்மீது பாய்வது எளிது. நாம் பாயமாட்டோம். பயிற்சி மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கழகம் வகுத்த அளவு. இரவுப் பணியில் ஒரு வார்டுக்குள் நுழைந்து தோழர்கள் தாமே எண்ணிப் பார்க்கட்டும். ஒருவர் இருபது கட்டிலுக்கு ஓடும் இடத்தில், ஒரு குழாய்க்கு அரைமணி காத்திரு என்று விதி எழுதினால், அவ்விதி சுவரில் தொங்கும், கட்டிலருகே வராது. அந்த வேலை உறவினர் கைக்கும் ஆயா கைக்கும் நழுவும். பழி மட்டும் செவிலியர் தலைக்கு வரும்.

2017 நவம்பர் இறுதியில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான செவிலியர் அமர்ந்தார்களே, மறந்துவிட்டோமா? தேர்வு எழுதி, 2015இல் ஒப்பந்த முறையில் வேலைக்கு வந்தவர்கள். மாதச் சம்பளம் 7,700 ரூபாய். இரண்டாண்டில் நிரந்தரம் என்ற உறுதி நிறைவேறவில்லை என்று கேட்டார்கள். உயிரைக் காக்கும் கைக்கு நாள் கூலி 260 ரூபாயைத் தொடவில்லை! எந்த ஆட்சி இருந்தாலும், எந்தக் கட்சி ஆண்டாலும், இதை நாம் சொல்லியே தீரவேண்டும்: அஞ்சி நிற்கும் ஒப்பந்த ஊழியர் "தாள் இல்லை, ஆகவே உணவு கொடுக்கமாட்டேன்" என்று மேலதிகாரியிடம் சொல்லமாட்டார். வேலை உறுதி இருந்தால்தான் வாய் திறக்கும். வாய் திறந்தால்தான் நோயாளி பிழைப்பான். செவிலியரின் வேலைப் பாதுகாப்பே நோயாளியின் உயிர்ப் பாதுகாப்பு.

நம் இயக்கத்துக்கு உணவுக் குழாய் புதிதல்ல. உணவுக்குழலில் வந்த புற்றுநோய்க்குத்தான் பேரறிஞர் அண்ணாவைப் பறிகொடுத்தோம். 1969 பிப்ரவரி 3, இடம் அடையாறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் அயரா உழைப்பால் 1954இல் எழுந்த புற்றுநோய் நிலையம் அந்த அடையாற்றில்தான் இருக்கிறது. 2017 ஆகஸ்டு 16 அன்று ஆழ்வார்ப்பேட்டை காவேரி மருத்துவமனைக்குக் கலைஞர் சென்றது எதற்காக? வயிற்றின் வழியே பொருத்தியிருந்த உணவுக் குழாயை மாற்றுவதற்காக. மூக்குக் குழாய் வேறு, அது வேறு என்றாலும், ஒரு குழாயை மாற்றுவது எவ்வளவு கவனத்துக்குரிய வேலை என்பதை அன்று நாடே அறிந்தது. தலைவருக்குத் தேர்ந்த மருத்துவர்கள் சூழ்ந்து நின்றார்கள்; நிற்கத்தான் வேண்டும். நாம் கேட்பது, அந்தக் கவனத்தில் ஒரு துளி, ஒரு துண்டுத் தாள் அளவு, பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்து நோயாளிக்கும் கிடைக்கிறதா என்பதே. ஆழ்வார்ப்பேட்டை நுரையீரல் என்றும் சீனிவாசபுரத்து நுரையீரல் என்றும் இயற்கை இருவகை படைக்கவில்லையே! சமத்துவம் மேடையில் முழங்கும் சொல் மட்டுமல்ல. அது கட்டிலருகே வைக்கும் தாளும் ஆகும்.

எனவே நாம் கேட்கிறோம். ராயப்பேட்டை அரசு மருத்துவமனை முதல் கடைக்கோடி வட்ட மருத்துவமனை வரை, குழாய் இருக்கும் ஒவ்வொரு வார்டிலும் பி.எச். தாள் இருக்கவேண்டும். 1994இல் மருத்துவப் பணிகள் கழகம் அமைத்து, மருந்து கொள்முதலில் மற்ற மாநிலங்களுக்கு வழிகாட்டிய தமிழ்நாட்டுக்கு இது மலையல்ல, மடு. மூக்கருகே குழாய் எத்தனை சென்டிமீட்டரில் நிற்கிறது, தாள் காட்டிய எண் என்ன, சோதித்தவர் யார் என்று ஒவ்வொரு வேளையும் எழுதும் ஏடு கட்டிலில் தொங்கவேண்டும். ஓசைச் சோதனை பாடத்திலிருந்தும் பழக்கத்திலிருந்தும் விலகவேண்டும். வேலைப்பளுவுக்கு ஏற்ற எண்ணிக்கையில் நிரந்தரச் செவிலியர் வேண்டும். தனியார் மருத்துவமனை மாடங்களுக்கும் இதே விதி, இதே தணிக்கை.

வீட்டுக்கு அனுப்பும் நோயாளி? 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், படுக்கையில் கிடப்பவரின் வாசலுக்கே மருத்துவம் போகவேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியது. வாசலுக்குப் போகும் பையில் தாளும் போகட்டும். வீட்டில் ஊட்டப்போகிறவர் மருத்துவமனையிலேயே தம் கையால் செய்துகாட்டிய பிறகே நோயாளியை வீட்டுக்கு அனுப்பட்டும். சொல்லிக்கொடுப்பது தமிழில் இருக்கட்டும். அச்சிட்டுத் தரும் குறிப்பும் தமிழில் இருக்கட்டும். கஞ்சி ஊற்றும் தாய்க்கு ஆங்கிலத் துண்டறிக்கை எதற்கு?

கிளைக்கழகத் தோழர்களே! உங்கள் தெருவில் மூக்குக் குழாயோடு ஒருவர் படுத்திருந்தால், பழம் வாங்கிக்கொண்டு பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்று செய்திகளை அந்த வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். மூக்கருகே குழாயில் உள்ள குறி இடம் மாறியிருந்தால் ஊட்டாதீர்கள், செவிலியரைக் கூப்பிடுங்கள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி வைத்துத்தான் ஊட்டவேண்டும். ஊட்டிய பிறகும் அரைமணிக்குக் குறையாமல் அப்படியே வைத்திருங்கள். ஊட்டும்போது இருமலோ மூச்சுத் திணறலோ கண்டால் அக்கணமே நிறுத்தி மருத்துவமனைக்கு ஓடுங்கள். வார்டில் உறவினருக்குத் துணையாக நிற்கும்போது, "சிஸ்டர், தாளில் பார்த்தாகிவிட்டதா?" என்று பணிவோடு கேளுங்கள். அது குறை சொல்வதன்று. தாள் கேட்டும் கிடைக்காத செவிலியருக்கு அந்தக் கேள்வியே துணை.

எதையும் கேள்வி கேள், சான்று காட்டினால் ஏற்றுக்கொள் என்று தமிழனுக்குக் கற்றுக்கொடுத்த இயக்கம் இது. கோயில் வாசலில் கேட்டோம், சட்டமன்றத்தில் கேட்டோம். அதே கேள்வியை இனி மருத்துவமனைக் கட்டிலருகேயும் கேட்போம். ஓசை போதாது; சான்று வேண்டும். சான்று இல்லையேல், ஒரு சொட்டும் உள்ளே போகலாகாது!